310 மில்லிவோல்ட்டிலிருந்து 7-க்கு: இன்வெர்ட்டர் வயருக்கு லக் அடித்த அனுபவம்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில், அந்த ஒரே இணைப்பில் மட்டும் 310 மில்லிவோல்ட் இறங்கிக்கொண்டிருந்தது. லக்கையும் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு, ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் போல்ட் துளை உள்ள தட்டை) வயரையும் மாற்றிய பிறகு அதே லோடில் 7 மில்லிவோல்ட். பேட்டரி அதேதான், இன்வெர்ட்டரும் அதேதான். நடுவில் இருந்த சில செம்புத் துண்டுகளைத்தான் மாற்றினேன். அதை எப்படிச் செய்தேன், எது சரிவரவில்லை, என்ன செலவு என்பதை எழுதி வைக்கிறேன்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போவது வழக்கம். 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி, எங்கள் லோடுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். முக்கால் மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, மிக்ஸி போட்டால் அணைந்தே போனது. பார்க்க வந்தவர் "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்றார். புதிய பேட்டரி பதினைந்தாயிரத்துக்கு மேல். ஆனால் முழு சார்ஜில் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஆறு செல்லும் 1.240 பக்கத்திலேயே நின்றன, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு செல்கூடத் தளராத பேட்டரியை எப்படித் தூக்கிப் போடுவது?

லோடு ஓடும்போது பாசிட்டிவ் வயரைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் வெதுவெதுப்பு, லக் பக்கம் கை வைக்க முடியாத சூடு. அதற்கு மேல் ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம்.

அளக்கும் முறை எளிது. ஃபேன், விளக்கு, டிவி எல்லாம் போட்டு 420 வாட் லோடு வைத்தேன். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் 40 ஆம்பியர் காட்டியது. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டுமே அளக்கும், பேட்டரி வயரில் ஓடும் டிசியைக் காட்டாது. அதனால் வாங்கும்போது டிசி ஆம்பியர் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை லக்குக்குப் பின்னால் தெரியும் செம்பு இழையிலும், மறு முனையை பேட்டரியின் ஈய முனையிலும் வைத்தேன். 310. நெகட்டிவில் 140. இன்வெர்ட்டர் பக்கத்து இரண்டு லக்குகளிலும் 12, 11 என்றுதான் வந்தது. அவை கம்பெனியில் அடித்து வந்தவை.

0.31 வோல்ட்டை 40 ஆம்பியரால் பெருக்கினால் 12.4 வாட். ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன் தரும் சூட்டில் பாதி, விரல் நுனி அளவு இடத்தில். பேட்டரி முனையில் 12.1 வோல்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் முனையில் 11.4தான் வந்து சேர்ந்தது. பேட்டரி காலியாகிவிட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. லோடு கூடக் கூட இந்த இறக்கமும் கூடும். மிக்ஸி போட்டவுடன் அணைந்தது அதனால்தான்.

இன்னொரு படி போனால் குறை எங்கே என்பதும் தெரிந்துவிடும். இழைக்கும் லக்கின் குழாய்க்கும் நடுவே அளந்தேன், 240. லக்கின் தட்டைப் பகுதிக்கும் ஈய முனைக்கும் நடுவே, 70. முதலாவது கிரிம்பில், அதாவது குழாயை நசுக்கி வயரைப் பிடிக்க வைத்த இடத்தில் உள்ள குறை, இரண்டாவது போல்ட் இணைப்பில் உள்ள குறை. இந்த இரண்டையும் பிரித்து அளந்தது பிற்பாடு பெரிய உதவி. அவசரமாக நட்டை மட்டும் இறுக்கியிருந்தால் 70 குறைந்திருக்கும், 240 அப்படியே நின்றிருக்கும்.

கழற்றுவதற்கு முன்னால் சில விஷயங்கள். இன்வெர்ட்டருக்கு வரும் மெயின் எம்சிபியையும் முன்பக்க சுவிட்சையும் அணைத்தாக வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஸ்பானர் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பானரே சிவந்துவிடும். கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன், மோதிரமும் கடிகாரமும் கழற்றி வைத்தேன். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, சற்று நேரம் விட்டுத்தான் தொட்டேன். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

கழற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. பழைய வயர் 10 ச.மி.மீ., அதில் மாட்டியிருந்தது 25 ச.மி.மீ. லக். குழாய் பெரிதாக இருந்ததால் இழைகளை மடித்துத் திணித்து, உளியோ எதுவோ வைத்து சுத்தியலால் ஒரு அடி. குழாயில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அவ்வளவுதான் கிரிம்ப். லக்கின் துளை 10 மி.மீ., பேட்டரி போல்ட் 8. அந்த இடைவெளியைச் சமாளிக்க லக்குக்கும் ஈய முனைக்கும் நடுவில் ஒரு இரும்பு வாஷர். கரண்ட் முழுக்க அந்த வாஷர் வழியாகவே போயிருக்கிறது. இரும்பு, செம்பைவிட ஐந்தாறு மடங்கு மோசமான கடத்தி, துரு வேறு ஏறியிருந்தது. வயரின் தோலை ஒரு ஜான் உரித்த பிறகும் உள்ளே இழைகள் கறுப்பாகவே இருந்தன. ஆசிட் ஆவி இழைகளுக்கு நடுவே உள்ளே ஏறியிருக்கிறது. இப்படிக் கறுத்த இழையில் எவ்வளவு நல்ல லக்கை அடித்தாலும் பிடிப்பு வராது. வயரையே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வயர் 16 ச.மி.மீ. ஃப்ளெக்ஸிபிள். கடையில் 16 ஸ்கொயர் என்று கேட்டால் போதும். 126/0.4 என்று போட்டிருக்கும், அதாவது 0.4 மி.மீ. இழை 126. ஒரு மீட்டருக்கு 1.21 மில்லிஓம். பழைய 10 ஸ்கொயரில் மீட்டருக்கு 1.91. ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர், 40 ஆம்பியரில் கணக்குப் போட்டால் வயரில் மட்டுமே 230 மில்லிவோல்ட்டாக இருந்தது 145-ஆகக் குறையும். ஆனால் பழைய கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு வயர்களும் சேர்ந்து தின்றது 230, பேட்டரி பக்கத்து இரண்டு லக்குகள் மட்டும் தின்றது 450. தடித்த வயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம், என் பார்வையில் முதல் காசு லக்குக்கும் கிரிம்புக்கும்தான் போக வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் லக் வாங்கும்போது இரண்டு எண் சொல்ல வேண்டும்: வயரின் அளவு, போல்ட்டின் அளவு. பேட்டரிக்கு 16-8, இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் எம்6 போல்ட்டுக்கு 16-6. துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருந்தால் தொடும் பரப்பு குறையும், சின்னதாக இருந்தால் ட்ரில் போட்டு அகலப்படுத்தத் தோன்றும், அப்படிச் செய்தால் தட்டையான பகுதி மெலிந்துவிடும். வெள்ளி நிறத்தில் இருப்பது ஈயம் பூசிய செம்பு என்று வீட்டில் சொன்னார்கள். பூசியிருப்பது டின், அதாவது வெள்ளீயம். ஆசிட் ஆவி படும் இடத்தில் பூச்சு இல்லாத வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். அலுமினிய லக்கும் அதே நிறத்தில் அதே கடையில் கிடக்கும். கையில் எடுத்தால் எடை சொல்லிவிடும். செம்பு வயருக்கு அலுமினிய லக் கூடாது. இரண்டு உலோகமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அலுமினிய கேபிளைச் செம்பில் சேர்க்க வேண்டிய இடத்துக்கு பைமெட்டாலிக் லக் என்று தனியாக உண்டு.

கிரிம்பிங் டூல்தான் பெரிய கேள்வியாக இருந்தது. கையால் அழுத்தும் சிவப்புக் கைப்பிடி ப்ளையர் 6 ஸ்கொயர் வரைக்கும்தான். 16-க்கு அதைவிட அழுத்தம் தரும் டூல் வேண்டும். 4 முதல் 70 வரை அச்சுகளோடு ஒரு கை ஹைட்ராலிக் டூல் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். 16 என்று பொறித்த அறுகோண அச்சைப் போட்டு, முதலில் வாங்கிய மெல்லிய லக்கை அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது, கச்சிதமான ஆறு பக்கம்.

ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பீன்யாவில் பேனல் போர்டு ஒயரிங் செய்பவர். அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இத அறுத்துப் பாத்தியா?"

"இல்லண்ணே. நல்லாத்தானே இருக்கு?"

"வெளிய எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அச்சுல போட்டிருக்க நம்பரை நம்பாத. ஒரு லக்கை விரயம் பண்ணி அறுத்துப் பாத்துரு, அப்புறம் வீட்டுக்குப் போடு."

இதுதான் இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள யோசனை. ஹாக்ஸாவால் கிரிம்பின் நடுவில் குறுக்காக அறுத்து, அரத்தால் தேய்த்து, 400 எண் உப்புத்தாளில் மெருகேற்றினேன். பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் இழைகள் வட்டமாகவே இருந்தன, நடுநடுவே கறுப்புப் புள்ளிகளாக இடைவெளி. அழுத்தம் போதவில்லை. அந்த லக்கின் சுவர் மெல்லியது. டூல் முழுதாக மூடியபோதும் குழாய் போதுமான அளவு சுருங்கவில்லை.

அடுத்து ஒரு அச்சு குறைத்து 10 போட்டுப் பார்த்தேன். இழைகள் இறுகின, ஆனால் அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் செம்பு தகடாகப் பிதுங்கி வெளியே வந்தது. லக்கின் சுவர் ஒரு பக்கம் மெலிந்து கீறல் விட்டிருந்தது. சுத்தியல் அடித்த பழைய லக்கையும் அறுத்தேன். பள்ளம் விழுந்த பக்கம் இழைகள் நசுங்கி, எதிர்ப்பக்கம் நிறையக் காலி இடம், அதில் பச்சைப் பொடி.

சரி, அச்சை மாற்றிப் பயனில்லை, லக்கை மாற்ற வேண்டும். மறுபடி போய் தடித்த சுவர் உள்ள ஹெவி டியூட்டி லக் கேட்டு வாங்கினேன். முதல் லக் 12 ரூபாய், இது 22. அதே 16 அச்சு. அறுத்துப் பார்த்தால் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி தேனடை மாதிரி அறுகோணங்களாக மாறியிருந்தன, இடைவெளி கண்ணுக்கே தெரியவில்லை. பிதுங்கலும் இல்லை. வயர், லக், அச்சு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் கிரிம்ப். மூன்றிலும் 16 என்று எழுதியிருப்பது அதற்கு உத்தரவாதம் ஆகாது.

இழுவைச் சோதனையும் செய்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் குழாயில் லக்கைப் போல்ட்டால் மாட்டி, வயரின் மறுமுனையில் தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேன்களைக் கட்டினேன். சுத்தியல் லக்கிலிருந்து வயர் முதல் கேனிலேயே உருவிக்கொண்டு வந்துவிட்டது. புதியது இரண்டு கேன் தாங்கி அசையாமல் நின்றது. காலைக் கேனுக்கு அடியில் வைக்காதீர்கள், விழும்போது சட்டென்று விழும்.

இனி அசல் வேலை. தோலை உரிக்கும் நீளம், குழாயின் உள் ஆழத்தோடு 2 மி.மீ. சேர்த்து. கத்தியைத் தோலைச் சுற்றி மட்டும் உருட்ட வேண்டும், அடி வரைக்கும் அழுத்தினால் இழைகள் வெட்டுப்படும். சில இழைகள் போனாலே அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக உரிப்பது நல்லது. இழைகளை முறுக்காமல், இயல்பான போக்கிலேயே லேசாகச் சேர்த்துக் குழாய்க்குள் செலுத்தினேன். லக்கில் ஒரு சின்னப் பார்வைத் துளை இருக்கும், அதில் செம்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வயர் முழுதாக உள்ளே போகவில்லை. சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை இதற்கெல்லாம் முன்பே வயரில் கோர்த்துவிட வேண்டும், லக் அடித்த பிறகு அது தட்டைப் பகுதியைத் தாண்டி நுழையாது. உள்ளே பசை உள்ள வகையாக வாங்கினேன். சூடாக்கும்போது பசை உருகி ஓரத்தில் கசியும், ஆசிட் ஆவி ஏற வழி இருக்காது. பாசிட்டிவுக்குச் சிவப்பு, நெகட்டிவுக்குக் கறுப்பு.

ஒவ்வொரு லக்கிலும் இரண்டு கிரிம்ப். முதலாவது தட்டைப் பகுதிக்குப் பக்கத்தில், இரண்டாவது வயர் பக்கம். அழுத்தும்போது உலோகம் நீளும், அது வெளிப்பக்கம் நீள இடம் வேண்டும். இன்னொன்று, இரண்டு முனை லக்குகளின் தட்டைப் பகுதிகளும் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று முன்பே குறித்து வைக்க வேண்டும். 16 ஸ்கொயர் வயரை அவ்வளவு எளிதில் முறுக்க முடியாது. கோணம் தப்பினால் லக் போல்ட்டில் சாய்ந்து உட்காரும். பேட்டரியின் மேல் வயரை வைத்து, மார்க்கரால் கோடு போட்டுத்தான் இரண்டாவது முனையை அடித்தேன்.

ஈய முனையை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தேன், செல் மூடிகள் இறுக மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு. ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, ஆசிட்டை அது செயலிழக்கச் செய்துவிடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். பித்தளை பிரஷால் ஈயம் பளிச்சென்று ஆகும் வரை தேய்த்தேன். மாட்டும் வரிசை: ஈய முனை, அதன் மேல் நேரடியாக லக், அப்புறம் சாதா வாஷர், ஸ்ப்ரிங் வாஷர், நட். கரண்ட் போகும் முகத்துக்கு நடுவே எதுவும் வரக் கூடாது. ஈயம் மென்மையானது, பலத்தை எல்லாம் காட்டி இறுக்கினால் முனை நெளிந்துவிடும். பேட்டரியோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கி, அதன் பிறகுதான் மேலே வாசலின் தடவினேன். கடைசியாக நெகட்டிவை வைக்கும்போது ஒரு பொறி தெறித்தது. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகும்போது அப்படி வரும், அதற்காகத்தான் காற்றோட்டம்.

அதே 420 வாட், அதே 40 ஆம்பியர். பாசிட்டிவ் 7, நெகட்டிவ் 6, இன்வெர்ட்டர் பக்கம் இரண்டிலும் 8. பேட்டரி முனையில் 12.1 இருக்கும்போது இன்வெர்ட்டரில் 11.9. அரை வோல்ட் மீண்டு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டாலும் லக்கில் சூடே இல்லை. அடுத்த மழை நாளில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் ஓடியது.

கையில் டூல் இருந்ததால் குளியலறை கீசரையும் பார்த்தேன். 3 கிலோவாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். சுவிட்சுக்குப் போகும் 4 ஸ்கொயர் வயரின் 56 இழைகளில் பாதிதான் ஸ்க்ரூவுக்கு அடியில் இருந்தது, மீதி பக்கவாட்டில் ஒதுங்கி, பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டிருந்தது. எம்சிபியை அணைத்து, மீட்டரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு, வயர் முனையில் 4 ஸ்கொயர் ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) அடித்து ஸ்க்ரூவில் வைத்தேன். இழை ஒன்றுகூடத் தப்பாது. சிலர் முனைக்கு ஈயம் பற்றவைத்துவிட்டு ஸ்க்ரூ இறுக்குவார்கள். அது வேண்டாம். சால்டர் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்து பழைய சூடு திரும்பும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டும் இருந்தது, டேப் கருகிப் பொடியாக வந்தது. அங்கே வாகோ 221 லீவர் கனெக்டர் போட்டேன். 4 ஸ்கொயர் வரை எடுக்கும், 11 மி.மீ. உரித்து உள்ளே வைத்து லீவரை மூடினால் முடிந்தது. கண்ணாடி மாதிரியான உடல் என்பதால் செம்பு கடைசி வரை போயிருக்கிறதா என்று தெரியும். போலிகள் நிறைய வருகின்றன, மேலே ஆம்பியர், வோல்ட், வயர் அளவு தெளிவாகப் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

இன்வெர்ட்டர் வேலைக்குச் செலவு: டூல் 2,400, சோதனைக்கும் சேர்த்து 22 ரூபாய் லக் ஒரு டஜன் 264, வயர் 4 மீட்டர் 920, ஹீட் ஷ்ரிங்க் 120. மொத்தம் 3,704 ரூபாய். ஃபெர்ரூல் பெட்டியும் அதன் ராட்செட் டூலும் தனியாக 950.

அடுத்த முறை இரண்டு விஷயம் மாற்றுவேன். ஒரே ஒரு இன்வெர்ட்டருக்காக மட்டும் என்றால் டூல் வாங்கமாட்டேன். வெல்டிங் கேபிள் விற்கும் கடைகளில் லக்கோடு கிரிம்பும் செய்து தருகிறார்கள், நீளத்தையும் தட்டைப் பகுதியின் திசையையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் போதும், கூடவே ஒரு லக்கை அறுத்துப் பார்க்கக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது, பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் வைப்பேன். வயர் எங்காவது உரசி நெகட்டிவில் பட்டால் தடுக்க இப்போது அங்கே எதுவும் இல்லை. 100 ஆம்பியர் போல்ட் ஃப்யூஸும் அதற்கான ஹோல்டரும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு 16-8 லக் இன்னும் இரண்டு வேண்டும், டஜனில் மீதி இருக்கிறது.